பட்லர் சவரியப்பனின் பால்கட்டி

"இந்த ஊர்ல அம்புட்டுப் பேருக்கும் வாய் இருக்கு. ஒருத்தனுக்காவது நாக்கு இருக்கா?"

பரவைச் சந்தையில் வியாழக்கிழமைதோறும் இதைக் கேட்டுக் கேட்டு என் காது தடித்துப்போனது. சொன்னவர் பட்லர் சவரியப்பன். காலையில் சாக்கை விரிக்கும்போது ஒரு தடவை சொல்வார். வெயில் ஏறியதும் ஒரு தடவை. அவரைக் கடந்து போகிறவர்கள் மூக்கைப் பொத்தினால், பொத்திய மூக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு தடவை. சந்தை கலைவதற்குள் ஐம்பது அறுபது தேறிவிடும்.

நான் அவருக்கு அடுத்த சாக்கில் வெங்காயம் விற்றவன். தராசைப் பிடித்தபடியே இதை அவர் குரலில் சொல்லிக் காட்டுவேன். மோவாயைத் தூக்கி, கண்ணைப் பாதி மூடி, 'நாக்கு' என்பதை மட்டும் மூக்கு வழியாக வெளியே விட வேண்டும். வாங்க வந்த பெண்கள் சிரித்துவிட்டு அரை வீசை கூடுதலாக வாங்கிப் போவார்கள். அந்த வகையில் அந்த மனிதரால் எனக்கு லாபம்தான்.

ஒருநாள் நான் இந்தக் கூத்தில் இருக்கும்போது பின்னால் வந்து நின்றிருக்கிறார். எனக்குத் தெரியவில்லை. முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"டேய் வெங்காயம். குரல் சரி. ஆனா என் முகத்துல இருக்கிற வேதனை உன் மூஞ்சியில வரலை. நாக்கு இருக்கிறவனுக்குத்தான்டா அது வரும்."

இப்படி ஒரு ஆளை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அவர் பிறந்தது திண்டுக்கல் பக்கம். பதினான்கு வயதில் கொடைக்கானல் மலையேறி, அங்கே ஒரு பிரெஞ்சுக்கார அம்மாளின் பங்களாவில் பாத்திரம் கழுவச் சேர்ந்தார். பிறகு காய் நறுக்கினார். பிறகு சமைத்தார். மொத்தம் பத்தொன்பது வருஷம். 'பட்லர்' என்பது அவர் தனக்குத் தானே சூட்டிக்கொண்ட பட்டம். அந்தப் பங்களாவில் பட்லர் என்று வேறொருவர் இருந்தாராம். அவர் துணியையும் இவர்தான் துவைத்தாராம். இதை ஊருக்குச் சொன்னது வேறு யாருமில்லை, அவர் மனைவி தெரசா.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டில் அந்த அம்மாள் கப்பலேறித் தன் தேசத்துக்குப் போய்விட்டாள். சவரியப்பன் மலையை விட்டு இறங்கினார். கையில் இருந்தவை மூன்று: அம்மாள் கொடுத்த பீங்கான் தட்டு ஒன்று, யாரோ ஒரு துரை போட்டுக் கழித்த கறுப்புக் கோட்டு ஒன்று, பாலைக் கெடுக்கும் வித்தை ஒன்று. தெரசாவின் பிறந்த ஊர் பரவை. அவள் சந்தை வாசலில் அடுப்பைப் போட்டுப் பணியாரம் சுட்டாள். குடும்பத்துக்குக் கஞ்சி அந்தச் சட்டியிலிருந்து வந்தது. இவர் கோட்டைப் போட்டுக்கொண்டு மதுரை வெயிலில் வேர்த்துக்கொண்டிருந்தார்.

காலை பத்து மணிக்குச் சாக்கை விட்டு எழுந்து 'ரவுண்டு' கிளம்புவார். சந்தையை ஒரு சுற்று. எல்லாக் கடையிலும் ருசி பார்ப்பது. இதற்குக் காசு கொடுத்து யாரும் பார்த்ததில்லை.

முதலில் வெண்ணெய்க்கார ராமக்காள். அவள் தண்ணீர்ப் பானையிலிருந்து சுண்டைக்காய் அளவு வெண்ணெயை எடுத்து விரலில் வைப்பாள். இவர் அதை நாக்கில் ஒட்டவைத்து, கண்ணை மூடி, ஜெபம் செய்கிறவர் மாதிரி நிற்பார்.

"மாடு என்ன தின்னுச்சுன்னு வெண்ணெயில தெரியுது. வைக்கல்."

"வைக்கல் திங்காம பின்ன? பொங்கச்சோறா திங்கும்?"

"புல்லுன்னு ஒண்ணு இருக்கும்மா. மலையில. அதைத் தின்ன மாட்டு வெண்ணெய் மஞ்சளா இருக்கும்."

"அப்ப மலைக்கே போயி நக்குமய்யா."

நக்கத்தான் நக்குவார், விரலில் மிச்சம் இருந்ததை. அடுத்து பருத்திப்பால். ஒரு குவளை முழுக்கக் குடித்துவிட்டு, "கருப்பட்டி நல்ல கருப்பட்டி. ஏலக்காயைப் போட்டு அதை அடக்கிப்புட்ட, பாவி" என்பார். பனங்கிழங்கில் பாதியைக் கடித்து, "வாசம் இருக்கு, ஆனா நாரு. பல்லிடுக்குக்குப் பாதி, வயித்துக்குப் பாதி" என்பார். மீதிப் பாதியையும் தின்பார். கம்பங்கூழுக்குத் தொட்டுக்கொள்ள மூன்று மோர்மிளகாய் வாங்கிக் கடித்து, கண்ணில் தண்ணீர் வழிய, "புளிப்பு ஒரு நாள் பத்தாது" என்பார். அவித்த மொச்சை, கொடுக்காய்ப்புளி, வெள்ளரிப்பிஞ்சு, கருவாடு கூட. அம்புட்டையும் வாயில் போட்டுப் பார்த்த பிறகுதான் வைவார். ஒரே ஒரு பண்டத்துக்குத்தான் மன்னிப்பு. சிறுமலை வாழைப்பழம். அதுவும் ஏன்?

"மலையில காய்ச்சது. அதான் மரியாதை தெரிஞ்ச பழமா இருக்கு."

சுற்று முடிந்து கடைசியாகத் தெரசாவின் அடுப்புக்கு வருவார். நின்றுகொண்டே எட்டுப் பணியாரம் தின்பார்.

"உப்புத் தூக்கல், தெரசா."

"எட்டாவதுலதான் தெரிஞ்சுதாக்கும்?"

"முதல்லயே தெரிஞ்சுது. மத்த ஏழும் அதே மாதிரி இருக்கான்னு பார்த்தேன்."

ஓசியில் வயிறு நிரப்ப ஆயிரம் வழி இருக்கிறது. தின்னக் கொடுத்தவர்களையே திட்டிக்கொண்டு நிரப்புவதைக் கண்டுபிடித்தவர் இவர் ஒருவர்தான்.

சரி, இம்புட்டுப் பேரையும் குறை சொன்ன மனிதர் சந்தையில் என்ன விற்றார்? பால்கட்டி. அவர் 'சீஸ்' என்பார். சந்தை 'திரிஞ்ச பாலு' என்றது.

தெரசாவிடம் நாலு வெள்ளாடு இருந்தது. அந்தப் பாலைப் பானையில் ஊற்றி விரல் பொறுக்கும் சூட்டுக்குக் காய்ச்சுவார். அத்திமரக் கிளை ஒன்றை ஒடித்து, ஒடிந்த முனையில் வழிகிற பாலோடு பானைக்குள் விட்டுக் கலக்குவார். கொஞ்ச நேரத்தில் ஆட்டுப்பால் இறுகிவிடும். அதைச் சிறிய பனையோலைக் கொட்டான்களில் அள்ளிவைத்துத் தண்ணீரை வடியவிட்டு, உப்பைத் தடவி, ஈரமணல் போட்ட பெரிய மண்பானைச் சாலுக்குள் இருட்டில் வைப்பார். ஓலை முடைந்த தடம் கட்டியின் மேல் அப்படியே பதிந்திருக்கும். அதுவரை பரவாயில்லை. மூன்று நாளுக்கு ஒரு தடவை கள்ளில் நனைத்த துணியால் கட்டியைத் துடைத்துவிடுவார். மூன்று வாரத்தில் தோல் காவி நிறத்துக்கு வந்து பிசுபிசுக்கும். அப்போது கிளம்பும் பாருங்கள்.

மழையில் நனைந்த செருப்பை வெல்லப்பானைக்குள் போட்டு மூடிவைத்து, ஒரு மாதம் கழித்துத் திறந்தால் எப்படி இருக்கும்? அதற்கு அண்ணன் இது. உள்ளே ருசி எப்படி என்று என்னைக் கேட்காதீர்கள். நான் தின்றதில்லை. அந்த நாற்றத்துக்குத் தீர்ப்புச் சொல்ல நாக்கு தேவைப்படவில்லை.

அடுப்பில் பால் திரிந்துபோனால், அன்றைக்குப் பெண் பார்க்கப் புறப்பட்டவர்கள் வண்டியை அவிழ்த்துவிட்டு வீட்டுக்குள் போகிற ஊர் இது. அங்கே ஒருவர் பாலைத் திரிப்பதையே தொழிலாக வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் யார் வாங்குவார்கள்? வாழையிலைத் துண்டில் சின்னதாக ஒரு கீற்று அறுத்து வைத்து, போகிறவர் வருகிறவரை எல்லாம் கூப்பிடுவார். சிலர் கையில் வாங்குவார்கள். மூக்குவரைக்கும் கொண்டு போவார்கள். அதோடு சரி. வாய்வரைக்கும் அது போனதே இல்லை. தெரசாவைக் கேட்டால், "அந்தாளைக் கட்டிக்கிட்டதே போதும். அதையும் திங்கணுமா?" என்பாள்.

"திண்டுக்கல் ரோடுடா இது. பங்களாக்காரன் காரெல்லாம் இப்படித்தான் போகணும். வாசம் ஒருத்தன் மூக்குல ஏறட்டும், வரிசையா வந்து நிப்பான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். மூன்று வருஷத்தில் ஒரே ஒரு கார் நின்றது. வெள்ளைக்காரன்தான். பட்லர் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு ஓடினார். அவன் திண்டுக்கல் எம்புட்டுத் தூரம் என்று கேட்டுவிட்டு, மூக்கைச் சுளித்துக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போய்விட்டான்.

"கீழ்ச்சாதி வெள்ளைக்காரன்" என்றார் சவரியப்பன், திரும்பி வந்து.

இப்படியே போயிருந்தால் போயிருக்கும். கெடுத்தது மல்லிகை.

அவருக்கு இடப்பக்கம் நான். வலப்பக்கம் பூக்கார அன்னக்கொடி. நாற்பத்தொன்று ஆவணியில் ஒரு கல்யாண வீட்டுக்காரர் அவளிடம் வாங்கிப் போன பூவை மொத்தமாகத் திருப்பிக் கொண்டுவந்து கொட்டிவிட்டார். பொண்ணு கொண்டையிலிருந்து பட்லர் வாசம் அடிக்கிறதாம். மாப்பிள்ளை மணவறையில் நகர்ந்து நகர்ந்து உட்கார்ந்தானாம். அன்னக்கொடி சும்மா விடுகிறவளா? கூடையைத் தூக்கிக்கொண்டு நேரே சந்தைக் குத்தகைக்காரர் நல்லகாமனிடம் போனாள்.

நல்லகாமன் பெரிய உடம்பு, சின்னக் குரல். வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு பேசுவார். பாதி வார்த்தை வெளியே வரும், பாதி உள்ளேயே போய்விடும். அவர் வந்து பட்லர் சாக்குக்கு முன்னால் நின்றார். ஒரு எட்டுப் பின்னால் போய் நின்றார். இன்னும் ஒரு எட்டுப் போனார்.

"பட்லரே. இடத்தைக் காலி பண்ணும்."

"என்னத்துக்கு?"

"என்னத்துக்கா? மூக்கு இருக்கில்ல எங்களுக்கு?"

"மூக்குதான்யா இருக்கு உங்களுக்கு. அதைத்தான் நானும் மூணு வருசமாச் சொல்றேன்."

"பூ வாடுது, வெத்தலை வாடுது, ஆளு வாடுது. ஒருத்தன் வாங்குறானா உம்மகிட்ட? வாங்காத பண்டத்துக்குச் சந்தையில என்ன இடம்?"

"வாங்குவான். பழகணும்."

"எம்புட்டு நாள்ல பழகுவான்?"

சவரியப்பன் கட்டியில் மொய்த்த ஈயை விரட்டினார். நல்லகாமன் எச்சிலைத் துப்பிவிட்டு வந்தார்.

"ஆறு சந்தை தாரேன். நம்ம பக்கத்து ஆளு, வேட்டி கட்டுன ஆளு, ஒரே ஒருத்தன். காசு குடுத்து வாங்கி, என் கண்ணு முன்னால நின்னு தின்னு, நல்லா இருக்குன்னு சொல்லட்டும். உம்ம இடத்தை எவனும் தொடமாட்டான். இல்லைன்னா ஆறாஞ்சந்தையோட சாக்கைச் சுருட்டிக்கிட்டுப் போயிடணும். சரியா?"

"சரி."

தெரசா அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அவளும் தன் பங்குக்கு ஒன்று போட்டாள்.

"சந்தையில இடம் போச்சுன்னா மறுநாளே ஆட்டுப்பாலு காப்பிக்கடைக்குப் போயிரும். சொல்லிட்டேன். அதுக்கப்பறம் கலக்குறதா இருந்தா கிணத்துத் தண்ணியைத்தான் கலக்கணும்."

ஆக, இடம் போனால் பால் போகும். பால் போனால் பத்தொன்பது வருஷத்து வித்தையும் போகும். பிறகு மிஞ்சுவது பெண்டாட்டியின் பணியாரச் சட்டியைச் சுமக்கிற உத்தியோகம். அந்த வாரம்தான் முதல்முறையாக அவர் மூக்கைப் பொத்திப் போனவர்களைத் திட்டாமல் விட்டார். ஒரு நாள் மட்டும்.

முதல் சந்தையில் கட்டியின் மேல் மிளகாய்ப்பொடி தூவினார். இரண்டு பேர் கிட்டே வந்து, இருமிக்கொண்டே போனார்கள். இரண்டாம் சந்தையில் தோலைச் சீவி, உள்ளே இருந்த வெள்ளையை மட்டும் எடுத்து, கருப்பட்டிச் சீவலோடு இலையில் வைத்துவிட்டு ரவுண்டு போனார். அதை மட்டும் எந்த ஆபத்திலும் விடமாட்டார். நானும் மூட்டை இறக்க வண்டிப் பக்கம் போயிருந்தேன், அன்னக்கொடி கோயிலுக்குப் பூக் கொடுக்கப் போயிருந்தாள். திரும்பி வந்து பார்த்தால் இலையில் வைத்தது காணோம்.

"டேய்! தின்னிருக்கான்டா!"

"யாரு?"

"யாரோ. நாக்கு உள்ளவன். வெளியில சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு, ஆளில்லாத நேரம் பார்த்து வந்திருக்கான். தின்னிருக்கான், துளி விடாம!"

"இலையையும் காணோமேண்ணே."

"ஒட்டியிருந்ததை வழிச்சுத் திங்கக் கொண்டு போயிருப்பான். உனக்கு எங்க தெரியும் அந்த அருமை?"

அன்றைக்கு அவர் ஊரைத் திட்டியது இருபது தடவைதான். நான் எண்ணினேன்.

மூன்றாம் சந்தையில் விருமாண்டி வந்தார். அலங்காநல்லூர்க்காரர். உயரமான ஆள், நரைத்த மீசை, பேச்சு கிடையாது. பட்லர் சாக்குக்கு முன்னால் வந்து நின்றார். மூக்கைப் பொத்தவில்லை. குனிந்து பார்த்தார்.

"இதுதானுங்களா?"

"எது?"

"வெள்ளையா இருக்குமே. உப்புக் கரிக்குமாமே."

சவரியப்பன் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். ஒரு முழுக் கட்டியை எடுத்து நீட்டினார். விருமாண்டி சொன்ன காசைப் பேரம் பேசாமல் கொடுத்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். இரண்டு கையையும் சேர்த்து நீட்டிக் கட்டியை வாங்கி, கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்.

பட்லர் என் பக்கம் திரும்பினார். அந்த முகத்தை என்னால் இன்றும் செய்து காட்ட முடியும். புருவம் இரண்டும் தலைமுடிக்குள் போய்விட வேண்டும்.

"பார்த்தியாடா? கண்ணுல ஒத்திக்கிறான். எங்க பிரெஞ்சு மதாம் கூட இதைக் கண்ணுல ஒத்துனதில்லை."

நான்காம் சந்தைக்கும் வந்தார். ஐந்தாம் சந்தைக்கு வந்து இரண்டு கட்டி கேட்டார். பட்லர் அவருக்குப் பாடம் நடத்தினார். தோலோடு தின்னக் கூடாது, சிறுமலைப் பழத்தோடு தின்ன வேண்டும், வெயில் படாமல் வைக்க வேண்டும். விருமாண்டி எல்லாவற்றுக்கும் தலையாட்டி, ஒரு சீப்புச் சிறுமலைப் பழமும் வாங்கிப் போனார். சந்தையே வேடிக்கை பார்த்தது. அன்னக்கொடியின் முகம் வாடியது அவள் பூவை விட மோசமாக.

சவரியப்பனைப் பிடிக்க முடியவில்லை. ஒரு ஆள் வாங்கியதற்கு ஒரு நாட்டை ஜெயித்தவர் மாதிரி நடந்தார். ராமக்காளிடம் போய், "உன் வெண்ணெயைக் கண்ணுல ஒத்துறவன் எவனாவது இருக்கானா?" என்று கேட்டார். கூழ்க்காரனிடம், "அலங்காநல்லூர்ல பொறந்திருக்க வேண்டியவன்டா நான்" என்றார். தெரசாவிடம் இன்னும் இரண்டு ஆடு வாங்கச் சொன்னார்.

"முதல்ல ஆறாஞ்சந்தை போகட்டும்" என்றாள் அவள்.

"போறதென்ன, முடிஞ்சிருச்சு. அந்த மனுசன் வாயைத் திறந்தா நல்லகாமன் வாய் மூடிரும்."

ஆறாம் சந்தை. புரட்டாசி வெயில் மண்டையைப் பிளந்தது. பட்லர் கோட்டைத் துவைத்து, எல்லாப் பொத்தானையும் போட்டுக்கொண்டு வந்திருந்தார். பீங்கான் தட்டு வெளியே வந்திருந்தது. அதன் நடுவில் இருப்பதிலேயே பழுத்த கட்டி. மூன்று சாக்குக்கு அந்தப் பக்கமிருந்த தேங்காய்க்காரர் கூட இடம் மாறிக்கொண்டார். நல்லகாமன் நாற்காலி கொண்டுவரச் சொல்லி உட்கார்ந்தார், வாசம் எட்டாத பக்கமாக. கூட்டம் கூடிவிட்டது. அன்றைக்கு வெங்காயம் விற்கவே இல்லை. எனக்கும் அதைப் பற்றிக் கவலை இல்லை.

விருமாண்டி வந்தார். கூட்டத்தைப் பார்த்துத் தயங்கினார்.

"வாங்க, வாங்க" என்றார் சவரியப்பன். கட்டியை அறுத்து ஒரு துண்டைத் தட்டில் வைத்து, பக்கத்தில் ஒரு பழத்தையும் உரித்து வைத்தார். "இந்தாங்க. இவங்க முன்னால சாப்பிட்டுக் காட்டுங்க. வேற ஒண்ணும் வேண்டாம்."

விருமாண்டி தட்டைப் பார்த்தார். பட்லரைப் பார்த்தார்.

"நானா?"

"நீங்கதான்."

"நான் எப்படிங்கய்யா சாப்பிடுறது? காளைக்கு எடுத்ததாச்சே."

நல்லகாமன் வெற்றிலையை மெல்வதை நிறுத்தினார்.

"எந்தக் காளைக்கு?" என்றார்.

"எங்க ஊர்க் கோயில் காளைக்குங்க. நான்தான் பார்த்துக்கிறேன். அதுக்குன்னு எடுத்ததை மனுசன் வாய் வெக்கலாமா? எச்சிலாயிடாதா? சாமி குத்தமுங்க."

"அப்ப மூணு சந்தையா வாங்கிட்டுப் போனீரே, அம்புட்டும்?"

"காளைதாங்க தின்னுச்சு. முன்னாடி ஒரு சந்தையன்னைக்கு என் வண்டிக்குப் பின்னாலயே இந்தப் பக்கம் வந்துச்சு. இந்தச் சாக்குகிட்ட ஆள் இல்லை. இலையில என்னமோ வெள்ளையா இருந்துச்சு. நக்கிப்பார்த்துட்டு இலையோட வழிச்சுத் தின்னுப்புடுச்சு. இழுத்தாலும் நகர மாட்டேன்னுருச்சு. வீட்டுக்குப் போனா பருத்திக்கொட்டையைத் தொட மாட்டேங்குது, தவிட்டைத் தொட மாட்டேங்குது. ரெண்டு நாள் பட்டினி. அப்பறம்தான் விசாரிச்சுக்கிட்டு வந்தேன். இதைக் குடுத்தா உசுரு. ரோமமெல்லாம் மினுமினுன்னு இருக்கு, வந்து பாருங்க."

முதலில் சிரித்தது அன்னக்கொடி. பிறகு ராமக்காள். அப்புறம் யார் என்று பிரிக்க முடியவில்லை. வண்டி மாடுகள் கயிற்றை இழுத்துக்கொண்டு மிரண்டன. தெரசா கையில் கரண்டியோடு வந்து நின்றாள்.

"அதைத் தின்னுட்டு அந்தக் காளை எந்திரிச்சு நிக்குதா?"

"நிக்குறதா? நேத்து வேலியைத் தாண்டிருச்சும்மா."

"இங்க வாரதுக்குத்தான் தாண்டியிருக்கும்" என்று நான் ஒன்றைப் போட்டேன். போட்டுவிட்டு, காளை நாக்கைச் சுழற்றிப் பீங்கான் தட்டை நக்குவது மாதிரி செய்து காட்டினேன். அப்படி ஒரு சிரிப்பு எனக்கு அதற்கு முன்னும் கிடைத்ததில்லை, பின்னும் கிடைத்ததில்லை.

சவரியப்பன் தட்டைப் பிடித்தபடியே நின்றார். விருமாண்டிக்குத்தான் ஒன்றும் புரியவில்லை. "ஏதும் தப்பா சொல்லிப்புட்டேனுங்களா?" என்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

நல்லகாமன் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"பட்லரே, பேசினது பேச்சு. மனுசன் திங்கணும்னு சொன்னேன். மாடு திங்கிற பண்டத்துக்கு இடம் வேணும்னா மாடு விக்கிற மாட்டுத்தாவணிக்குப் போம். பத்தொம்போது வருசம் வெள்ளைக்காரிக்கு மாட்டுத்தீவனம் பண்ணிப் போட்டிருக்கீரே, அவ கப்பலேறி ஓடாம என்ன பண்ணுவா?"

மறுபடியும் சிரிப்பு. பட்லர் துண்டைத் தட்டிலிருந்து எடுத்து இலையில் வைத்தார். தட்டைக் கோட்டு ஓரத்தால் துடைத்தார். மீதமிருந்த கட்டிகளைக் கூடையில் அடுக்கி, விருமாண்டி கையில் கொடுத்தார். காசை நீட்டியபோது வாங்கவில்லை. சாக்கை உதறினார், சுருட்டினார். சுருட்டி முடிக்கிற நேரம் பார்த்து நான் அவர் குரலிலேயே மோவாயைத் தூக்கிக் கேட்டேன்: "இந்த ஊர்ல ஒருத்தனுக்காவது நாக்கு இருக்கா?"

"காளைக்கு இருக்கு!" என்று நாலு பக்கமிருந்தும் பதில் வந்தது.

அதற்குப் பிறகு அவர் அந்தச் சந்தையில் சாக்கு விரிக்கவில்லை. ஆட்டுப்பால் மறுநாளே காப்பிக்கடைக்குப் போனது. வியாழக்கிழமைகளில் பணியாரச் சட்டியைத் தலையில் கொண்டுவந்து தெரசாவின் அடுப்பில் இறக்கிவிட்டு, ரவுண்டு போகாமல், ஒருவரிடமும் பேசாமல் திரும்பிவிடுவார். ராமக்காள் ஒரு தடவை விரலில் வெண்ணெயோடு கூப்பிட்டாள். கையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனார். மறு வருஷம் ஐப்பசி மழையில் காய்ச்சல் கண்டு முடிந்துபோனார். ஆகவே சாக்கைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கோட்டுப் பொத்தானைக் கழற்றாமல், என்னையும் நல்லகாமனையும் கூட்டத்தையும் ஒரு சுற்றுப் பார்த்து அன்றைக்கு அவர் சொன்னதுதான் பரவைச் சந்தை கேட்ட அவருடைய கடைசிப் பேச்சு. அதையும் சொல்லிக் காட்டச் சொல்லி இன்றும் கேட்கிறார்கள். ஒரு எழுத்துக் கூட்டாமல் குறைக்காமல் இது:

"போறேன்யா, போறேன். மாட்டுத்தாவணிக்கே போறேன், சிரிங்க. ஆனா ஒண்ணு. ராமக்கா வெண்ணெயை வஞ்சேன், தின்னு பார்த்துட்டு வஞ்சேன். இவ பணியாரத்தை வஞ்சேன், தின்னு பார்த்துட்டு வஞ்சேன். கூழு, கிழங்கு, கருவாடு, அம்புட்டையும் என் நாக்குல வெச்சுப் பார்க்காம ஒரு வார்த்தை நான் பேசினதில்லை. மூணு வருசமா என் பண்டத்தை வஞ்சீங்களே, அந்தக் காளையைத் தவிர எவன்யா தின்னு பார்த்தான்? மோந்து பார்த்துட்டே தீர்ப்புச் சொல்லிட்டுப் போறதுக்குத் தெருவுல நாய் இருக்கு, அது போதும். அதுக்கு எதுக்குய்யா வேட்டியைக் கட்டிக்கிட்டு வியாழக்கிழமை வியாழக்கிழமை சந்தைக்கு வாரீங்க?"